பத்து வாத்திமாரும் ஒரு அடுப்பும்

அரியாலைக் கடலேரிக் கரை. வெள்ளிக்கிழமை மத்தியானம். காக்கி அரைக் களிசான் போட்ட பத்து ஆண்கள் வட்டமாகக் குந்தியிருக்கிறோம். நடுவில் ஒரு கைப்பிடி சருகும் ஐந்தாறு சுள்ளியும் கிடக்கின்றன. எல்லாரும் அவற்றையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பத்துப் பேரும் பள்ளிக்கூட வாத்திமார். ஒருவர் கணிதப் புலி. ஒருவர் சரித்திரம். இருவர் இங்கிலிஷ். இவர்களோடு எங்கள் பண்டிதர் தம்பையா. அக்கினி பகவானுக்கு எத்தனை நாக்கு, எத்தனை கை, வாகனம் என்ன என்று கேட்டால் நித்திரையிலும் சொல்லுவார். நெருப்பு எப்படி மூட்டுவது என்று மட்டும் அவரிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

எங்களைப் பழக்க வந்தவர் கொழும்பிலிருந்து வந்த சாரண அதிகாரி. பிறந்தது யாழ்ப்பாணத்தில்தான். நாலு வருஷம் கொழும்பில் இருந்துவிட்டு வந்து, கரப்பான் பூச்சியைத் தூக்குவதுபோல நுனி விரலால் தமிழைத் தூக்கிப் பேசுவார். காம்ப் மாஸ்ரர் என்று கூப்பிட்டோம்.

"நெருப்புப்பெட்டி கூடாது. மண்ணெண்ணெய் கூடாது. இஞ்சை கிடைக்கிற சாமானை வைச்சு நெருப்பு மூட்டவேணும். மூட்டினால் சமையல். மூட்டாட்டில் பாணும் பச்சைத் தண்ணியும். ஞாயிற்றுக்கிழமை சேட்டிபிக்கேற் வேணுமெண்டால் இதுதான் முதல் சோதனை," என்றார்.

களிசானைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு வாத்தியாரின் முழங்காலைக் கண்டவர்கள் இரண்டே பேர்: பெற்றவளும் கட்டியவளும். அன்றைக்கு அரியாலையில் இருபது முழங்கால்கள் ஒன்றாக வெளியே வந்திருந்தன. மீன்கூடையோடு கொழும்புத்துறைப் பக்கமிருந்து வந்த இரண்டு பெண்கள் எங்களைக் கண்டு நின்றார்கள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி வேறு வழியால் போனார்கள்.

நான் ஏன் அங்கே போனேன்

கொஞ்சம் பின்னால் போகிறேன். இரண்டாம் உலக யுத்தகாலம். அரிசிக்குத் தட்டுப்பாடு, சீலைக்குத் தட்டுப்பாடு, நெருப்புப்பெட்டிக்கும் தட்டுப்பாடு. வாத்திமாருக்கு மட்டும் தட்டுப்பாடு இல்லை. ஒரு இடம் காலியானால் பத்துப் பேர் நிற்பார்கள்.

நான் எங்கள் ஊர்ச் சைவப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக உபாத்தியாயர். தற்காலிகமாகவே மூன்று வருஷம் ஓடிவிட்டது. ஒரு நாள் மனேச்சர் கூப்பிட்டார். பள்ளிக்கூட மனேச்சர் என்றால் அந்நாளில் சிறு தெய்வம். வேலை கொடுப்பவரும் அவர், எடுப்பவரும் அவர்.

"தம்பி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு சாரணர் குழு வேணுமாம். நீரும் பண்டிதரும் காம்புக்குப் போங்கோ. பண்டிதர் நிரந்தரம், அவருக்கு என்ன. நீர் சேட்டிபிக்கேற்றோடை வந்தால் உம்மையும் நிரந்தரமாக்கிறன். இல்லாட்டில் என்ரை மருமகன் ஒருத்தன் வீட்டிலை சும்மா இருக்கிறான்."

அந்த மருமகனை எனக்குத் தெரியும். சும்மா இருப்பதில் அவரை மிஞ்ச வலிகாமத்திலேயே ஆள் கிடையாது. ஆனாலும் மருமகன் மருமகன்தான். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் பாக்கியத்திடம் சொன்னேன். பாக்கியம் என் மனைவி. அப்போது கலியாணமாகி இரண்டு வருஷம். வேலை போனால் இரண்டு பேரும் அவள் தகப்பன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதைவிட வேறு சாவு வேண்டாம் என்பது எங்கள் இரண்டு பேரின் எண்ணமும்.

"நெருப்பு மூட்டுற சோதனையோ?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "போயிட்டு வாங்கோ. ஆனால் அங்கை போய்க் குசினிக் கதை ஒண்டும் கதையாதேங்கோ. பக்கத்து வீட்டுப் பண்டிதரும் வாறார். சொல்லிப்போட்டன்."

குசினிக் கதை

அந்தக் கதையை இப்போது சொல்லலாம். கேட்டுத் தடுக்க அவள் இல்லை.

பாக்கியத்துக்குத் தொய்வு. புகை பட்டால் மூச்சு இழுக்கத் தொடங்கும். இழுத்தால் மூன்று நாளைக்குப் படுக்கை. கலியாணமான இரண்டாம் கிழமையே கண்டுபிடித்துவிட்டோம். பெண் வீட்டார் இதைச் சொல்லவில்லை. என் வீட்டார் என் தற்காலிகத்தைச் சொல்லவில்லை. ஆகையால் கணக்குச் சரி.

அடுப்பை யார் மூட்டுவது? நான்தான் மூட்டினேன். விடிய முன்னம் எழும்பிக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு மூட்டுவேன். பாக்கியம் வெளியே, வேலிக்குத் தெரியாத காற்றுப் பக்கமாகத் தேசிமரத்தடியில் பலகை போட்டு இருந்து மரக்கறி வெட்டுவாள், தேங்காய் துருவுவாள், அம்மியில் கறிக்கூட்டு அரைப்பாள். இடையிடையே ஒரு சட்டியைத் தட்டுவாள். அது வேலிக்கு அந்தப் பக்கத்துக்காக.

யாழ்ப்பாணத்து வேலியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். கிடுகால் அடைத்திருக்கும். உயரமாக இருக்கும். ஆனால் எந்த வேலியிலும் கண் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். எங்கள் வேலி ஓட்டைக்கு அந்தப் பக்கத்தில் பண்டிதரின் மனைவி இருந்தார்.

அடுப்பு மூட்டுகிற ஆண்பிள்ளை என்று பெயர் வந்தால் எனக்கு அவமானம், அது சிறிது. அடுப்பு மூட்டாத பெண்பிள்ளை என்று பெயர் வந்தால் அவளுக்கு அந்த ஊரில் நிற்க இடமில்லை. இது எனக்கு அப்போது விளங்கவில்லை. இரண்டும் ஒரே அளவு வெட்கம் என்று நினைத்திருந்தேன். மடையன்.

நெருப்புப்பெட்டி கிடைக்காத நாட்களில் மற்ற வீட்டுக்காரர் என்ன செய்வார்கள்? ஒரு சிரட்டையோடு பக்கத்து வீட்டுக்குப் போய்த் தணல் வாங்கி வருவார்கள். பாக்கியத்துக்குத் தணலைக் கையில் கொண்டுவர ஏலாது. நான் சிரட்டையோடு போனால் ஒழுங்கை முழுக்க என்னைப் பார்க்கும். அதனால் நாங்கள் கல்லில் நெருப்பு எடுக்கப் பழகினோம். வழியைக் கண்டுபிடித்தவள் பாக்கியம். கையைப் பழக்கியவன் நான். ஒரு மாதம் விரலெல்லாம் காயம்.

அவள் சமைப்பதாக ஊர் நினைத்த கறிக்கு நல்ல பெயர். வேலிக்கு மேலால் பண்டிதர் வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். பண்டிதர் சாப்பிட்டுவிட்டு, "பாக்கியத்தின்ரை கைக்கு ஒரு தனி உருசி," என்பார். கத்தரிக்காயைக் கிண்டிய நான் எதிரில் நின்று தலையாட்டுவேன்.

புத்தகமும் ஆகமமும்

மறுபடி அரியாலைக்கு வருவோம்.

காம்ப் மாஸ்ரரிடம் ஒரு இங்கிலிஷ் புத்தகம் இருந்தது. அதில் இல்லாத நெருப்பே உலகத்தில் இல்லை. "முதலிலை பேர்ச் மரத்துப் பட்டையை உரிக்கவேணும்," என்று வாசித்தார்.

"அது என்ன மரம் மாஸ்ரர்?" என்று கணிதப் புலி கேட்டார்.

"வெள்ளைப் பட்டை. பேப்பர் மாதிரி உரியும்."

பத்து வாத்திமார் அரை மணித்தியாலம் வெள்ளை மரம் தேடினோம். பனையும் பூவரசும்தான் நின்றன. கடைசியில் ஒருவர் ஒரு முருங்கைக் கொப்பைக் கொண்டுவந்தார். மாஸ்ரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏறக்குறைய," என்றார்.

அடுத்த வரி, காய்ந்த பறவைக் கூடு. சரித்திர வாத்தியார் பூவரசில் ஏறினார். கூட்டில் காகம் இருந்தது. சரித்திரம் ஏறியதைவிடக் கெதியாக இறங்கியது. தலையில் மூன்று கொத்து.

பிறகு வில். ஒரு குச்சியை வில்லின் கயிற்றில் சுற்றி, பலகையில் வைத்துக் கடைந்தால் பொறி வருமாம். வில்லுக்குக் குடைக்கம்பி கிடைத்தது. கயிறு இல்லை. பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எல்லாருடைய இடுப்பிலும் அரைஞாண் கயிறு இருந்தது. கழற்ற ஒருவருக்கும் மனமில்லை. உயிரோடு இருக்கிற ஆண்பிள்ளை கழற்றுகிற சாமானோ அது? இறுதியில் இங்கிலிஷ் வாத்தியார் ஒருவர் பனைக்குப் பின்னால் போய்க் கழற்றிக்கொண்டு வந்தார். கடைந்தார்கள். இரண்டாம் இழுப்பில் அறுந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அன்று முழுக்க அந்தத் துண்டுகளை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அதுவரைக்கும் பண்டிதர் கைகட்டி நின்றார். இப்போது முன்னுக்கு வந்தார்.

"உந்த வெள்ளைக்காரன்ரை கண்டறியாத வேலையை விடுங்கோ. நெருப்பெண்டால் என்னெண்டு உவங்களுக்கு ஆர் படிப்பிச்சது? அரணி! வன்னிக் கட்டை, அரசங் கட்டை. மந்திரத்தோடை கடைஞ்சால் அக்கினி தானாய் வரும்."

வன்னி அங்கே இல்லை. அரசும் இல்லை. பண்டிதர் இரண்டு பூவரசங் கட்டையை எடுத்து, அவற்றை வன்னி என்றும் அரசு என்றும் பாவனை பண்ணி, மந்திரத்தோடு கடையத் தொடங்கினார். ஒரு மணித்தியாலம். வியர்வை வந்தது. உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. அக்கினி வரவில்லை.

"மரம் ஈரம்," என்றார். மந்திரத்தில் பிழை என்று சொல்ல எங்களில் யாருக்குத் தைரியம்?

நான் ஒரு ஓரமாகக் குந்தியிருந்தேன். என் கைக்கு அரிப்பு. என்ன வேண்டும், எங்கே கிடைக்கும் என்று எல்லாம் தெரியும். ஆனால் எழும்பினால், எங்கே பழகினாய் என்று கேட்பார்கள். பாக்கியத்தின் முகம் கண்ணுக்குள் நின்றது. இருந்த இடத்திலேயே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை நெருப்பு

பொழுது படுகிற நேரம். மத்தியானச் சோறு இல்லை. பசி வந்தால் வாத்திமாரும் மனிதர்தான். மாஸ்ரர் குளிக்கப் போன சமயம் பார்த்து ஒரு சதி நடந்தது. பக்கத்தில் ஒரு வீடு. அங்கே தணல் வாங்கிவந்து அடுப்பில் போட்டுவிட்டு, நாங்கள் மூட்டினோம் என்று சொல்லிவிடுவது. ஆளுக்கு மரியாதை இருக்கவேண்டும் என்று பண்டிதரையே அனுப்பினோம். துணைக்கு நான்.

வீட்டுக்கார அம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். பண்டிதரைக் கண்டதும் எழும்பிக் கும்பிட்டார்.

"பிள்ளை, ஒரு சிரட்டைத் தணல் தருவீரோ?"

அம்மாவின் முகம் மாறியது. "ஐயோ, பண்டிதரையா! இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ? விளக்கு வைக்கிற நேரமெல்லோ?"

"அதுக்கென்ன பிள்ளை?"

"வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்திலை வீட்டு நெருப்பை வெளியிலை குடுத்தால் லட்சுமி அதோடை போயிடுவா எண்டு போன திருவிழாவிலை நீங்கள்தானே பிரசங்கத்திலை சொன்னனீங்கள்! நான் அண்டையிலையிருந்து ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை. தங்கச்சிக்குக் கூடக் குடுக்கேல்லை."

பண்டிதர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து, "நல்லது பிள்ளை. அப்பிடித்தான் இருக்கவேணும்," என்றார்.

திரும்பி வரும்போது சிரட்டையை ஈச்சம் பற்றைக்குள் எறிந்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பாடுபட்டு நான் சிரிப்பை அடக்கியதில்லை. இரவு பாண்.

சனிக்கிழமை

காலையில் மாஸ்ரர் அறிவித்தார்: "மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள்ளை ஆராவது நெருப்பு மூட்டவேணும். இல்லாட்டில் ஒருத்தருக்கும் சேட்டிபிக்கேற் இல்லை. நான் வெறும் கையோடை கொழும்புக்குப் போறன்."

மனேச்சரின் மருமகன் என் கதிரையில் சும்மா இருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. எழும்பினேன்.

முதலில் ரயில் பாதைக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில் நிலம் முழுக்கச் சுண்ணாம்புக் கல். அதைத் தட்டினால் தூள்தான் வரும். பொறி வருகிற கல் வேண்டுமானால் வெளியிலிருந்து கொண்டுவந்து தண்டவாளத்தின் கீழ் கொட்டிய கல்லில்தான் தேட வேண்டும். அதில் ஒரு வெள்ளைக் கல், கூரான விளிம்போடு கிடைத்தது.

பிறகு கரையில் மீன்பிடிகாரர் விட்டுப்போன பழைய அடுப்பொன்றைக் கிண்டினேன். பாதி கரிந்த தேங்காய்த் தும்பு கிடைத்தது. பச்சைத் தும்பில் பொறி நிற்காது, கரிந்த தும்பில் நிற்கும். இது பாக்கியத்தின் கண்டுபிடிப்பு. பனையிலிருந்து பன்னாடை உரித்துக் கையால் கசக்கிப் பஞ்சாக்கினேன். காவோலையைக் கிழித்தேன். ஊதுவதற்கு ஒரு பப்பாசித் தண்டு.

இரும்புதான் இல்லை. சுற்றிப் பார்த்தேன். மாஸ்ரர் பெட்டிக்கு மேலே அவரின் சவரக் கத்தி இருந்தது. சீமைக் கத்தி. நல்ல உருக்கு. எடுத்தேன்.

"ஐசே, அது என்ரை ஷேவிங்..."

கத்தியின் முதுகில் கல்லால் ஒரு சீவு. இரண்டு. மூன்று. நாலாவதில் ஒரு பொறி தும்பில் விழுந்து, சிவந்து, நின்றது. பன்னாடையால் பொத்தி, தண்டை வாயில் வைத்து மெல்ல ஊதினேன். புகை வந்தது. இன்னும் ஊதினேன். குப்பென்று பிடித்தது.

ஒன்பது வாத்திமாரும் ஆவென்று நின்றார்கள். நான் நிறுத்தவில்லை. மூன்று கல் வைத்தேன், பானை ஏற்றினேன், உலை கொதிக்க அரிசியைக் களைந்து போட்டேன். கஞ்சி வடித்தேன். வடிக்கும்போது கையைச் சுடாமல் வடிக்கிற ஒரு பிடி இருக்கிறது. அது பத்தில் ஒன்பது ஆண்களுக்குத் தெரியாது. அவர்கள் அதையும் பார்த்தார்கள்.

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் எல்லார் இலையிலும் விழுந்தபின் மாஸ்ரர் கேட்டார்: "எங்கை பழகினீர்? எந்தப் புத்தகம்?"

என் வாய்

இங்கே ஒரு சின்னப் பொய் போதும். அவர் தன் வாயாலேயே பொய்யை எடுத்து என் கையில் தந்திருந்தார். "புத்தகம்" என்று ஒரு சொல். அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சேட்டிபிக்கேற்.

ஆனால் ஒன்பது பேர் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷமாக என்னைத் தற்காலிகம் என்றே கண்டவர்களில் ஒருவர் பண்டிதர். அவர் இலையில் இரண்டாம் முறை குழம்பு. எனக்கு ஒரு வெறி வந்தது. உண்மை பேசுகிற வெறி என்று அப்போது நினைத்தேன். வெறும் பெருமை அது.

"புத்தகமில்லை மாஸ்ரர். வீட்டிலை ஒவ்வொரு நாளும் நான்தான் அடுப்பு மூட்டிறனான்," என்றேன்.

அங்கேயாவது நிறுத்தினேனா? இல்லை. மனிசிக்குத் தொய்வு என்று சொன்னேன். சமையலும் நான்தான் என்றேன். பண்டிதரைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் வேலிக்கு மேலாலை வாங்கிச் சாப்பிட்டு உருசி சொன்ன கறியெல்லாம் இந்தக் கைதான் ஐயா," என்றும் சொன்னேன்.

பண்டிதரின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. மாஸ்ரர் எழும்பிக் கைதட்டினார். "இதுதான் ஸ்கவுட்! இதுதான் சேவை!" மற்றவர்களும் தட்டினார்கள். கணிதப் புலி என் முதுகில் தட்டி, "மனிசனெண்டால் நீர்தான் மனிசன்," என்றார். எனக்கு நிலத்தில் கால் படவில்லை.

பின்னேரம் பண்டிதருக்கு வயிற்றுக்குத்து வந்தது. வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். வண்டி பிடித்து அனுப்பினோம். அந்த வயிற்றுக்குத்து என்ன வயிற்றுக்குத்து என்று எனக்குச் சந்தேகம்கூட வரவில்லை.

ஞாயிறும் திங்களும்

ஞாயிறு பின்னேரம் சேட்டிபிக்கேற்றைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு ஒழுங்கையில் திரும்பினேன். கிணற்றடியில் நின்ற பெண்கள் கதையை நிறுத்தினார்கள். ஒருத்தி, "வாத்தியார், களைச்சுப் போனியள். இனி வீட்டிலை போய் அடுப்பும் மூட்டவேணுமே, பாவம்," என்றாள். அவள் என்மேல் இரங்கித்தான் சொன்னாள். மற்றவர்களும் "பாவம், பாவம்" என்றார்கள். அப்போதுதான் பண்டிதரின் வயிற்றுக்குத்து எனக்கு விளங்கியது.

பாக்கியம் முற்றத்தில் நின்றாள்.

"கிடைச்சதோ?"

"ஓம்."

"நல்லது." பிறகு சொன்னாள்: "பண்டிதரின்ரை மனிசி காலமை வந்தவ. கிண்ணத்தைக் கழுவித் தந்திட்டுப் போனவ. இனிக் கறி வேண்டாமாம். உங்களை இன்னும் வருத்தக்கூடாதாம்."

"பாக்கியம், நான் உள்ளதைத்தானே..."

"உங்களை எல்லாரும் புகழினம். ஒரு தெய்வமாம். எனக்கு என்ன பேர் வைச்சிருக்கினமெண்டு தெரியுமோ?"

"என்ன பேர்?"

அவள் சொல்லவில்லை. சாகுமட்டும் சொல்லவில்லை. நான் பிறகு வேறு ஆட்களின் வாயால் கேட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

"உள்ளதைச் சொன்னீங்கள், சரி," என்றாள். "அது ஆரின்ரை உள்ளது? என்னட்டைக் கேட்டனீங்களோ?"

நான் சேட்டிபிக்கேற்றை இன்னும் இறுக்கச் சுருட்டினேன்.

திங்கள் விடிய நான் எழும்பியபோது பாய் காலியாக இருந்தது. குசினிக் கதவு உள்ளே கொண்டி போட்டிருந்தது. கூரை இடுக்கால் புகை வந்துகொண்டிருந்தது. இருமல் கேட்டது. ஓயாத இருமல். வேலிக்கு அந்தப் பக்கமும் யாரோ எழும்பி நிற்கிற சிலமன் கேட்டது.

"பாக்கியம், கதவைத் திறவும். நான் மூட்டிறன். திறவும் எண்டு சொல்லுறன்!"

உள்ளே மூச்சு இழுத்தது. இழுத்து, நின்று, இழுத்தது. பிறகு வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்கக்கூடிய குரலில் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, ஆம்பிளைக்குக் குசினியிலை என்ன வேலை? வேலை நிரந்தரமாப் போச்செல்லோ, போய் வெளிக்கிடுங்கோ. நான் சமைச்சுப்போட்டுக் கூப்பிடுறன்."

நான் கதவைத் தட்டிக்கொண்டே நின்றேன். அவள் சோற்றை வடித்து முடித்த பிறகுதான் திறந்தாள்.